கம்ப்ரசர் தானே நிற்பது ஏன்?
எண்ணெய் அழுத்தக் காவல் விசையைப் பற்றிய ஒரு பாடம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பலர், பால்மரம் வெட்டும் தொழிலை விட்டு, ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் மீனும் இறைச்சியும் சேமிக்கும் குளிர்க்கிடங்குகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அங்கே அவர்கள் விரைவிலேயே சந்திக்கக்கூடிய ஒரு சங்கடத்தை இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

நள்ளிரவில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் திடீரென நின்றுவிடுகிறது. மின்சாரம் இருக்கிறது, மோட்டாரும் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை. "சுவரிலுள்ள பெட்டியில் பொத்தான் இருக்கிறது, அமுக்கிவிடு" என்கிறார் மேற்பார்வையாளர். அமுக்கினால் ஓடுகிறது. இரண்டு நிமிடங்களில் மறுபடியும் நிற்கிறது. மறுபடியும் அமுக்குகிறார்கள். இவ்வாறு பத்துமுறை அமுக்கி ஓட்டினால், அந்தப் பொறி போதிய எண்ணெய் அழுத்தமின்றி மொத்தம் இருபது நிமிடம் ஓடியிருக்கிறது என்பது கணக்கு. பிறகு பொறியினுள்ளிருந்து இரும்பும் இரும்பும் உராயும் ஓசை கேட்கும். அவ்வோசை கேட்டபின் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. பேரிங்குகளும் கிராங்குத் தண்டும் கெட்டிருக்கும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு ஒடிந்திருக்கவும் கூடும். பழியோ பெரும்பாலும் பொத்தானை அமுக்கியவனைச் சாரும்.

அந்தப் பெட்டியே எண்ணெய் அழுத்தக் காவல் விசை எனப்படுவது. நம் வீடுகளிலுள்ள குளிர்ப்பெட்டியில் இதனைத் தேட வேண்டா. அதன் சிறிய கம்ப்ரசர் முழுவதும் மூடி ஒட்டப்பட்டது; தண்டு சுழலும் வேகத்தினாலேயே எண்ணெய் மேலேறி உறுப்புகளை நனைத்துவிடும். பெரிய கம்ப்ரசரில் அவ்வாறு நனைவது போதாது. ஆகவே கிராங்குத் தண்டின் ஒரு முனையில் எண்ணெய்ப் பம்பு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கிராங்குப் பெட்டியின் அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயை அது உறிஞ்சி, தண்டினுள் குடைந்த துளைகளின் வழியே ஒவ்வொரு பேரிங்குக்கும் அழுத்தத்துடன் செலுத்துகிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை இரும்பை இரும்பு தொடுவதில்லை. படலம் கிழிந்தால் தேய்மானம் உடனே தொடங்கிவிடும்.

தோட்டத்து லாரியிலும் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்விளக்கு எச்சரிக்கும், அதைக் கண்டும் காணாததுபோல் ஓட்டுகிறவர்களும் உண்டு. கம்ப்ரசரின் காவல் விசையோ பொறியையே நிறுத்திவிடுகிறது. இவ்விரண்டுக்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. லாரி எஞ்சினின் கிராங்குப் பெட்டியில் இருப்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தமே. கம்ப்ரசரின் கிராங்குப் பெட்டியிலோ, குளிரூட்டிவிட்டுத் திரும்பிவரும் வாயுவின் அழுத்தம் எந்நேரமும் நிறைந்திருக்கும். பம்பு ஒன்றுமே செய்யாவிட்டாலும், அதன் வாயிலுள்ள மானி அந்த வாயுவின் அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பம்பு மானியை மட்டும் பார்த்து "எண்ணெய் அழுத்தம் நன்றாக இருக்கிறது" என்று கூறுவது பிழையாகும்.

பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துக் கொள்ளுங்கள். வாளியோடு நிறுத்த எடையைப் பாலின் எடையென்று யாரும் எழுதுவதில்லை. வாளியின் எடையைக் கழித்தே எழுதுகிறோம். இங்கும் அப்படியே. பம்பு மானி சதுர அங்குலத்திற்கு 65 இராத்தல் காட்டுகிறது. கிராங்குப் பெட்டியில் 25 இராத்தல் இருக்கிறது. கழித்தால் 40 இராத்தல். பேரிங்குக்குப் பயன்படும் உண்மையான எண்ணெய் அழுத்தம் இந்த 40 இராத்தல்தான். இதனை நிகர அழுத்தம் என்போம்.

காவல் விசையின் உள்ளே இந்தக் கழித்தல் கணக்கைத் துருத்திகள் இரண்டு செய்கின்றன. ஒன்றுக்குப் பம்பின் வாயிலிருந்தும், மற்றொன்றுக்குக் கிராங்குப் பெட்டியிலிருந்தும் நுண்குழாய் வருகிறது. இரண்டும் எதிரெதிராகத் தள்ளுகின்றன. நடுவே ஒரு சுருள்வில். நிகர அழுத்தம் போதிய அளவு இருந்தால் ஒரு தொடுமுனை திறந்திருக்கும். குறைந்தால் அது மூடிக்கொண்டு, சிறு சூடேற்றுங் கம்பி ஒன்றுக்கு மின்சாரம் செல்லும். அக்கம்பியின் அருகில் இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு இருக்கிறது. சூடு ஏறஏற அது வளைந்து, முடிவில் கம்ப்ரசரின் கட்டுப்பாட்டு மின்சுற்றைத் துண்டிக்கிறது.

உடனே துண்டிக்காமல் சூடேறும் வரை காத்திருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றும். பொறி புறப்படும் அந்தக் கணத்தில் பம்பு இன்னும் எண்ணெயை ஏற்றியிருக்காது. நிகர அழுத்தம் சுழியம்தான். உடனே துண்டிக்கும் விசையாயின் எந்தக் கம்ப்ரசரும் ஓடத் தொடங்கவே இயலாது. அந்த அவகாசத்திற்காகவே இந்த ஏற்பாடு. கம்ப்ரசரைச் செய்தவர்களின் குறிப்புப்படி இது 45, 60, 90 அல்லது 120 வினாடியாக அமையும். கோப்லேண்ட் நிறுவனத்தின் பம்பு வைத்த கம்ப்ரசர்களுக்கு வழங்கும் பொதுவான அளவு, நிகர அழுத்தம் சுமார் 9 இராத்தலுக்குக் கீழே 120 வினாடி நீடித்தால் நிறுத்துவது என்பதாகும். இப்போது துருத்திக்குப் பதிலாக மின்னணு உணர்கருவி வைத்த விசைகளும் வந்துவிட்டன. உறுப்புகள் மாறினும் கணக்கு மாறவில்லை.

நிறுத்திய பின் இவ்விசை தானாக மீள்வதில்லை. ஒருவர் வந்து பொத்தானை அமுக்க வேண்டும். இது வேண்டுமென்றே செய்த அமைப்பு. மனிதன் ஒருவன் வந்து என்னவென்று பார்க்கட்டும் என்பதே அதன் பொருள். உலோகத் தகடு ஆறுவதற்குச் சில நிமிடம் ஆகும். அதற்குமுன் பொத்தான் பிடிக்காது. அதைப் பழுதென்று எண்ணிச் சுத்தியலால் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

இனி, அழுத்தம் குறைவதற்கான காரணங்களைப் பார்ப்போம். எண்ணெய் குறைந்திருப்பது, வடிகட்டி அடைபட்டிருப்பது, பம்பு தேய்ந்திருப்பது, பேரிங்கு தேய்ந்து இடைவெளி அகன்றிருப்பது ஆகியவை எளிதில் விளங்குவன. எளிதில் விளங்காத காரணம் ஒன்று உண்டு. அதுவே நம்மை மிகவும் ஏமாற்றுவது.

எண்ணெய்க் கண்ணாடியில் பார்க்கிறோம். மட்டம் சரியாக இருக்கிறது. இருந்தும் விசை நிறுத்துகிறது. விசைதான் கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். மழை நாளில் வாளியில் தண்ணீர் விழுந்தால் வாளி நிறையும், ஆனால் ரப்பர் நிறையாது. மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். கம்ப்ரசரிலும் இதே கதைதான். ஆர்-22, ஆர்-404ஏ போன்ற குளிர்வாயுக்கள் தமக்கேற்ற எண்ணெயில் கரையக்கூடியவை. பொறி நின்றிருக்கும்போது, குளிர்ந்த கிராங்குப் பெட்டியை நாடி அவை வந்து எண்ணெயில் கலந்துவிடுகின்றன. கண்ணாடியில் மட்டம் உயர்ந்து காணும். இருப்பது எண்ணெயும் குளிர்வாயுவும் கலந்த நீர்த்த கலவை. பொறி புறப்பட்டதும் பெட்டியின் அழுத்தம் சட்டென்று விழ, கலந்திருந்த வாயு கொதித்து வெளியேறும். எண்ணெய் சவர்க்கார நுரைபோல் பொங்கும். பம்பு நுரையை உறிஞ்சும்; நுரைக்கு ஏது அழுத்தம்? இதைத் தடுக்கத்தான் கிராங்குப் பெட்டியில் ஒரு சூடேற்றியைப் பொருத்தியிருக்கிறார்கள். மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அதை அணைத்துவிடுவது வீண் சிக்கனம். பொறி நின்றிருக்கும்போது பெட்டியின் அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

ஐஸ் தொழிற்சாலைகளில் வழங்கும் அம்மோனியா நமக்குப் புதியதன்று. பால் உறையாதிருக்க நாம் ஊற்றுகிறோமே, அதே அம்மோனியாதான். ஆனால் அங்கே அது நீரில் கரைத்ததாக இல்லாமல் தூய நிலையில், அழுத்தத்துடன் குழாய்களில் ஓடுகிறது. கனிம எண்ணெயோடு அது கரைவது மிகமிகக் குறைவு. கம்ப்ரசரிலிருந்து வாயுவோடு வெளியேறும் எண்ணெய் குழாய்த்தொடரின் தாழ்ந்த இடங்களில் தங்கிவிடும். பயிற்சி பெற்றவர்கள் முறைப்படி அதை வடித்தெடுத்து, குறைந்த அளவைக் கம்ப்ரசரில் நிரப்புவார்கள்.

எந்த வகையாயினும், எண்ணெய் குறைந்துவிட்டதென்று கையில் கிடைத்ததை ஊற்றுவது கூடாது. லாரி எண்ணெய் இதற்கு உதவாது. புதிய வகைக் குளிர்வாயுக்கள் பலவற்றுக்குரிய பாலியோலெஸ்டர் எண்ணெயின் டின்னைத் திறந்து வைத்தாலே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். மேலும், வாரந்தோறும் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தால், முன்பு ஊற்றியது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா? குளிரூட்டும் குழாய்களில் தங்கியிருந்த எண்ணெய் முழுவதும் ஒருநாள் சேர்ந்து திரும்பிவந்தால் வால்வுகளை உடைத்துவிடும்.

விசை பொய்ச்சாட்சி சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. அதையும் சொல்லிவிடுவதே நியாயம். மோட்டாரினுள் இருக்கும் வெப்பக் காப்பு மோட்டாரை நிறுத்துகிறது என்று கொள்வோம். கட்டுப்பாட்டுச் சுற்றில் மின்சாரம் இருந்துகொண்டே இருந்தால், பம்பு சுழலாததால் அழுத்தம் இல்லை. ஆகவே எண்ணெய் விசையும் விழுந்துவிடும். எண்ணெயில் குற்றமில்லை, மோட்டார் ஏன் சூடேறியது என்பதையே ஆராய வேண்டும். மோட்டாருக்குள் மின்னோட்டம் செல்லும்போது மட்டும் விசை கணக்கெடுக்கும்படி ஒரு ரிலேயைச் சேர்த்து இதைத் தவிர்ப்பார்கள்.

ஆகவே பொறி நின்றதும் இளைஞர் செய்ய வேண்டியது யாது? முதலில் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்: மட்டம் எவ்வளவு, நுரை உண்டா? நின்ற நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒருமுறை பொத்தானை அமுக்கி, ஓடும்போதே இரண்டு மானிகளையும் படித்து எழுதிக்கொள்ளலாம். மறுபடியும் நின்றால் அவ்வளவோடு நிறுத்திவிட்டு, குளிரூட்டுத் தொழில் வல்லுநரை அழைக்கும்படி மேலாளரிடம் கூற வேண்டும். "மீன் கெட்டுவிடும், அமுக்கு" என்று அவர் வற்புறுத்தலாம். கிடங்கின் கதவைத் திறவாமல் வைத்தால் குளிர் சில மணி நேரம் தாங்கும். உடைந்த கம்ப்ரசருக்கு மாற்று ஒரே இரவில் வந்து சேராது என்பதைப் பணிவுடன் எடுத்துரைக்கலாம். எழுதிய குறிப்பு கையில் இருந்தால் பேச்சுக்கு வலிமை உண்டு. பின்னர் விசாரணை வந்தாலும் அதுவே துணை.

விசையின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, விசை இல்லாமலே ஓட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். எண்ணெய் விசை முதன்மையாகப் பொறியைக் காப்பதுதான், மனிதனை அன்று என்று சிலர் வாதிடலாம். ஆனால் அதே பலகையில் மிகை அழுத்த விசையும் இருக்கிறது. அது மனிதரைக் காப்பது. ஒன்றுக்குக் கம்பி போடப் பழகிய கை மற்றொன்றுக்கும் போடும். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்புக்கென அமைத்த ஏற்பாடுகளை வேண்டுமென்றோ அசட்டையாகவோ குலைப்பது குற்றமாகும்.

விசை உண்மையில் வேலை செய்கிறதா என்பதை வல்லுநர்கள் சோதிக்கும் முறை எளியது. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை மட்டும் துண்டித்து, கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மின்சாரம் விடுவார்கள். பொறி ஓடாது, அழுத்தமும் இராது. குறித்த வினாடிகளில் விசை விழுந்தால் அது நலமாக இருக்கிறது. விழாவிட்டால் மாற்ற வேண்டும். மின்தொழிற் சான்று பெறாதவர்கள் இச்சோதனையில் இறங்கலாகாது. அருகில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது ஒரு பயிற்சிக் கணக்கு. மூன்று கம்ப்ரசர்கள் ஓடுகின்றன. முதலாவதில் பம்பு மானி 62 இராத்தல், கிராங்குப் பெட்டி 24. இரண்டாவதில் பம்பு 48, பெட்டி 42. மூன்றாவதில் பம்பு 25 மட்டுமே. பெட்டியின் மானியோ சுழியத்துக்குக் கீழே, 10 அங்குல வெற்றிடம் காட்டுகிறது. 10 அங்குல வெற்றிடம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 5 இராத்தல் குறைவு. ஆகையால் இங்கே கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். விசை 9 இராத்தலில் நிறுத்துவதாயின், நிற்கப்போவது எது?

விடை: நிகர அழுத்தம் முறையே 38, 6, 30. இரண்டாவது பொறியே நிற்கும்.