குகைக்கு அவள் பெயர் இல்லை

கேள்வி: மே விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். குணா குகையைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரியே அறையில் ‘குணா’ படத்தைப் போட்டோம். சின்ன வயதில் தியேட்டரில் அழுத அதே இடத்தில் எனக்கு மறுபடி அழுகை. பிளஸ் ஒன் படிக்கும் மகளோ, “அவன் அவளைக் கடத்திட்டுப் போறான்மா. நீ எதுக்கு அழற?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இப்படிப்பட்ட நாயகர்களுக்குப் படம் தண்டனை கொடுக்க வேண்டாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மகள் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் அழுததிலும் தப்பில்லை. உங்களை அழவைக்கத்தான் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எடுத்திருக்கிறார்கள்.

முதலில் தண்டனை. குணாவுக்கு அது கிடைக்காமல் இல்லையே. அவன் கடத்திப்போன ரோகிணி செத்துப்போகிறாள், அவள் உடலோடு அவன் மலையிலிருந்து குதிக்கிறான். எந்த நீதிபதி இதைவிடக் கடுமையாக எழுதுவார்? ஆனாலும் உங்கள் மகளுக்கு மனம் ஆறவில்லை. நாயகன் சாவது வேறு, அவனிடம் கணக்குக் கேட்பது வேறு.

1991 தீபாவளிக்கு, ‘தளபதி’ வந்த அதே நாளில் வந்த படம். இயக்கம் சந்தான பாரதி, வசனம் பாலகுமாரன். குணா மனநிலை பிறழ்ந்தவன். தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் ஒருவன் செய்ததை அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84வது பிரிவே குற்றமாகக் கொள்ளவில்லை. எனவே அவன்மேல் எனக்கு வழக்கு இல்லை. வழக்கு திரைக்கதையின் மேல்தான். ரோகிணியின் சொத்துக்கு ஆசைப்படும் பாதுகாவலன் ஒருவனை அது குணாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெரிய கோடு போட்டாயிற்று, சின்னக் கோடு இனி யார் கண்ணுக்குத் தெரியும்? அது போதாதென்று, தப்பிக்கத் துடித்தவளையே அவன்மேல் ஆசைப்பட வைக்கிறது. அந்தக் கடிதப் பாட்டை நினைத்துப் பாருங்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கடத்தப்பட்டவள் கையாலேயே கடத்தியவனுக்கு விடுதலைப் பத்திரம்! அதற்கு இளையராஜா வேறு மெட்டுப் போட்டுவிட்டார், நாம் என்ன செய்வது?

தண்டனை கட்டாயம் என்று விதியே வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை ஹேஸ் விதிகள் நடப்பில் இருந்தன. குற்றம் செய்தவன் தப்பக் கூடாது. படம் முழுக்க ரவுடியைக் கொண்டாடிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தோட்டாவைச் செலவழித்தால் கணக்கு நேராகிவிடும். நம் ‘ரத்தக்கண்ணீர்’ (1954) இன்னும் ஒருபடி மேலே போனது. மனைவியைத் தவிக்கவிட்ட மோகனசுந்தரத்துக்குத் தண்டனை, தொழுநோய். எம்.ஆர்.ராதாவின் நக்கலுக்குத் தியேட்டர் கைதட்டியது. அந்த நோயை உண்மையிலேயே சுமந்தவர்களுக்கு மிஞ்சியது பழி. ‘மங்காத்தா’வில் (2011) கெட்ட போலீஸ்காரன் பணத்தோடு தப்பிக்கிறான், விளையாட்டு என்று படமே கண்ணடித்துவிடுவதால் எனக்கு அது உறுத்தவில்லை.

கணக்குக் கேட்பதென்றால் ‘நாயகன்’ (1987). ‘குணா’வைப் போல அதுவும் கமல் படம்தான். வேலு நாயக்கரை கோர்ட் விட்டுவிடுகிறது, வாசலில் ஒரு தோட்டா சாய்க்கிறது. இரண்டையும்விட எனக்கு நெஞ்சில் நிற்பது மகள் சாருமதி. அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, இந்த அடிதடிக்கெல்லாம் உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்கிற மாதிரி கேட்கிறாள். நாயக்கரும் பதில் சொல்கிறார், அழுத்தமாகவே சொல்கிறார். ஆனால் அவளை அந்த வீட்டில் இருக்கவைக்க அந்தப் பதில் போதவில்லை. அவர் நமக்குப் பிடித்தவராகவே இருக்கிறார், கேள்வியும் அப்படியே இருக்கிறது. ‘குணா’வில் அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் ரோகிணி. அவள் வாயைத்தான் காதலை வைத்து அடைத்துவிட்டார்கள். காலியாகக் கிடந்த அந்த இடத்தில் உங்கள் மகள் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்று. தூண் பாறைக்குப் பக்கத்திலுள்ள அந்தக் குகைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் டெவில்ஸ் கிச்சன். படம் வந்த பிறகு அது குணா குகை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று “அபிராமி” என்று கூவாத கூட்டத்தை நான் அங்கே பார்த்ததில்லை. அபிராமி ரோகிணியின் பெயரே இல்லை, குணா அவளுக்கு வைத்தது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அந்தக் கடிதப் பாட்டையே எடுத்து, குழியில் விழுந்த நண்பனை மீட்கும் இடத்தில் வைத்தது. பாட்டுக்கு அங்கேதான் கொஞ்சம் நிம்மதி கிடைத்த மாதிரி எனக்குப் பட்டது.

மகளோடு உட்கார்ந்து இன்னொரு முறை ‘குணா’வைப் போடுங்கள். இந்தத் தடவை கமலை விட்டுவிட்டு, ரோகிணியாக வரும் ரோஷிணியின் முகத்தை மட்டும் கவனியுங்கள். அவள் மனம் எந்த இடத்தில் மாறுகிறது, அது நம்பும்படி இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.