வடபுல மேய்ச்சல் நிலங்களும் நிலப் பயன்பாட்டுப் போட்டியும்

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளும் ருஷ்யாவின் கோலா தீபகற்பமும் ஸாமி மக்களின் தாயகமாகும். இதனை அவர்கள் ஸாப்மி என வழங்குவர். ரெயின்டீர் எனப்படும் பனிமான் மந்தைகளை மேய்ப்பது அவர்களுள் ஒரு பகுதியினரின் பரம்பரைத் தொழில். ஸ்வீடனில் மட்டும் 51 மேய்ப்பர் சமூகங்கள் உள்ளன. அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி அவர்களது மேய்ச்சல் எல்லைக்குள் அடங்கும். எனினும் மரத்தொழில், சுரங்கம், நீர்மின்சாரம், காற்றாலை ஆகியனவும் அதே நிலத்தை நாடுகின்றன. வரைபடத்தில் பரந்து காணப்படும் மேய்ச்சல் நிலம் நடைமுறையில் ஏன் குறுகிப்போகிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

பருவந்தோறும் வேறு நிலம்

ஸ்வீடனின் மலைப்பகுதி மந்தைகள் கோடையில் நார்வே எல்லையை அடுத்த மலைகளில் பசும்புல்லும் இலைகளும் மேய்கின்றன. குளிர்காலத்தில் கிழக்கேயுள்ள ஊசியிலைக் காடுகளுக்கு இறங்குகின்றன. வசந்தத்தில் கன்று ஈனுவதற்கு அமைதியான மலையடிவாரம் வேண்டும். இலையுதிர் காலத்திற்கும் தனி நிலம் உண்டு. இந்நிலங்களை இணைக்கும் வலசைப் பாதைகளும் மேய்ச்சல் நிலத்தின் உறுப்புகளேயாம்.

குளிர்காலத்தில் முக்கிய உணவு லைக்கன். பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் இவ்வுயிர், நம் சமையலில் வாசனைக்குச் சேர்க்கும் கல்பாசிக்கு உறவாகும். பனிமான் அதனை மோப்பத்தால் அறிந்து, குளம்பினால் பனியைத் தோண்டித் தின்னும். ஆனால் தரை லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ஒருமுறை அழிந்தால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும்.

போட்டியிடும் பயன்கள்

மரத்தொழில்: காட்டை முழுவதும் வெட்டி, நிலத்தைக் கிளறி, அடர்த்தியாக மரம் நடும் முறையில் லைக்கன் படுகை சிதைகிறது, நிழல் மிகுந்த இளங்காட்டில் அது மீண்டும் தழைப்பதில்லை. ஸ்வீடனில் லைக்கன் செறிந்த காடுகளின் பரப்பு சுமார் 60 ஆண்டுகளில் 71 விழுக்காடு குறைந்தது என 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நீர்மின்சாரம்: 1909-இல் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்ட ஸ்டோரா ஷோஃபாலெட்டிலிருந்து ஒரு பகுதி 1919-இல் நீக்கப்பட்டு, அங்கு ஸுவோர்வா அணை எழுந்தது. நீர்மட்டம் பன்முறை உயர்த்தப்பட்டதால் ஏரிக்கரை மேய்ச்சல் நிலங்கள் மூழ்கின.

சுரங்கமும் போக்குவரத்தும்: கிரூனா நகரின் இரும்புச் சுரங்கமும் அதற்கென அமைந்த இருப்புப்பாதையும் வலசைப் பாதைகளை நெருக்குகின்றன. அந்நகரருகே அருமண் தனிமங்கள் அடங்கிய பெரும் படிவு இருப்பதாக 2023-இல் அறிவிக்கப்பட்டபின் அந்நெருக்கடி மிகுந்துள்ளது.

காற்றாலை: நார்வேயின் ஃபோஸன் தீபகற்பத்தில் 151 காற்றாலைகள் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் நிறுவப்பட்டன. அவற்றிற்கான உரிமம் ஸாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுவதால் செல்லாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 11-10-2021 அன்று தீர்ப்பளித்தது. மான்களைப் பட்டியில் அடைத்துத் தீவனமிடலாம் என்ற மாற்று வழியை நீதிமன்றம் ஈடாகக் கொள்ளவில்லை. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பர்களுடன் உடன்பாடுகள் ஏற்பட்டன; காற்றாலைகள் அகற்றப்படவில்லை.

இழப்பை அளக்கும் முறை

காற்றாலையின் அடித்தளமோ சாலையோ பிடிக்கும் இடம் சிறிது. ஆனால் மான்கள், சிறப்பாகக் கன்றுடன் கூடிய பெண்மான்கள், இரைச்சலும் நடமாட்டமும் உள்ள இடத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே விலகிச் செல்வதுண்டு. ஆகவே இழக்கும் நிலம் கட்டடப் பரப்பினும் பன்மடங்காகும்.

மேலும், ஒரு சமூகத்தின் கோடை நிலம் 3,000 மான்களுக்கும் குளிர்கால நிலம் 1,000 மான்களுக்கும் போதுமெனக் கொள்க. மந்தை 1,000-க்கு மேற்பட இயலாது. மிகக் குறுகிய நிலமே மந்தையின் அளவை வரையறுக்கிறது. குளிர்கால நிலத்தில் பத்தில் ஒரு பங்கு போனால், மலையில் எவ்வளவு புல் இருந்தும் 100 மான்களுக்கு இடமில்லை.

ஒரு நெருக்கடி மற்றொன்றைக் கடுமையாக்குவதும் உண்டு. தட்பவெப்பம் உயர்வதால் குளிர்காலத்தில் மழை பெய்து, பின் உறைந்து, லைக்கன்மேல் பனிக்கட்டி மூடுகிறது. அப்போது முதிர்ந்த மரங்களில் தொங்கும் லைக்கனே மான்களுக்கு உயிர்காப்பு. முதுகாடு வெட்டப்பட்ட இடத்தில் அதுவும் இல்லை. விலைகொடுத்துத் தீவனம் வாங்கவேண்டும். தனித்தனியே ஆராய்ந்தால் ஒவ்வொரு திட்டமும் சிறு இழப்பாகவே தோன்றும். கூட்டிப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும்

இமயமலைச் சரிவுகளில் பருவந்தோறும் ஆடுகளுடன் இடம்பெயரும் கத்தி மேய்ப்பர்களின் நிலத்தை அளவிடும்போதும் இம்முறை பயன்படும். எந்த மாதத்தில் எந்த நிலம், எந்த வழி, தீய ஆண்டில் எது புகலிடம் என்ற மூன்று வினாக்களையும் மேய்ப்பர்களிடமே கேட்டறிதல் வேண்டும். ஆசிரியர்கள் நான்கு பருவ நிலங்களையும் பாதைகளையும் கரும்பலகையில் வரைந்து, ஒவ்வொரு திட்டத்தையும் மாணவர்களைக் கொண்டே குறிக்கச் செய்யலாம். ஆண்டில் ஒரு மாதமே மேயப்படும் நிலம் தரிசன்று; ஏனைய பதினொரு மாதங்களும் அதனையே நம்பியிருக்கின்றன என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவர்.