ரிசீவரை எரிக்காம பாஸிவ் சப்வூஃபரை இணைப்பது எப்படி?

நிறைய வீட்டுல இந்த ஜோடி இருக்கும். ஒரு பக்கம் அப்பா ஆசையா வாங்கி வெச்ச ஸ்டீரியோ ரிசீவர், இன்னும் நல்லா பாடிக்கிட்டு இருக்கும். இன்னொரு பக்கம் டிவிடி பிளேயர் செத்துப்போன 5.1 ஹோம் தியேட்டர் செட்ல மிஞ்சின சப்வூஃபர், பரண்மேல தூங்கிக்கிட்டு இருக்கும். ரெண்டையும் சேர்த்துட்டா பேஸ் ஓசியில கிடைக்குமேன்னு தோணும். சேர்க்கலாம். ஆனா வயரை எங்க சொருகுறோம் என்பதைப் பொறுத்துதான் ரிசீவர் பிழைக்கும். இதுக்கு பெரிய தியரி எதுவும் வேண்டாம், முதல் வருஷத்துல படிச்ச ஓம் விதி போதும்.

முதல்ல, கையில இருக்கறது என்ன?

பெட்டியோட பின்பக்கம் பாருங்க. கரண்ட் வயரும் வால்யூம் குமிழும் இருந்தா அது ஆக்டிவ், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கு. சிவப்பு, கறுப்பு என ரெண்டே டெர்மினல் இருந்தா அது பாஸிவ். அதாவது ஒரு ஸ்பீக்கர், ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். அதை அசைக்கத் தேவையான திறன் முழுக்க வெளியில இருந்து வரணும்.

எத்தனை ஓம் என்று பின்னாடி எழுதியிருக்கும். அழிஞ்சு போயிருந்தா மல்டிமீட்டர் வைங்க. மீட்டர் காட்டுறது டிசி மின்தடை மட்டும்தான், அதனால எழுதியிருக்கும் இம்பீடன்ஸை விட கொஞ்சம் குறைவாத்தான் வரும். 3 முதல் 3.5 வரை காட்டினா 4 ஓம் ஸ்பீக்கர். 6 பக்கம் காட்டினா பெரும்பாலும் 8 ஓம்.

செய்யக்கூடாத மூணு விஷயம்

ஒண்ணு, ரிசீவரோட சப் அவுட் ஓட்டையில இருந்து நேரா ஸ்பீக்கருக்கு வயர் இழுப்பது. அங்க வர்றது சிக்னல், திறன் இல்ல. கணக்கு போடுவோம். சிக்னல் 1 வோல்ட், அந்த அவுட்புட்டோட உள் மின்தடை 1000 ஓம்னு வைங்க. 4 ஓம் சப்வூஃபரை மாட்டினா வோல்டேஜ் டிவைடர் விதிப்படி ஸ்பீக்கருக்கு வர்றது 4 மில்லிவோல்ட். திறன் 4 மைக்ரோவாட். கொசு பாடுறது கூட இதைவிட நல்லா கேட்கும். இதனால பெரிய சேதம் வராது, சத்தமும் வராது.

ரெண்டு, ஏற்கனவே ஸ்பீக்கர் மாட்டின அதே டெர்மினல்ல சப்வூஃபரையும் சேர்த்து மாட்டுவது. இதுதான் ஆபத்து, ஏன்னா சத்தம் வரும்! எல்லாம் சரின்னு நாமளும் நம்பிடுவோம். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பேரலலா 4 ஓம் சப்வூஃபர் போட்டா மொத்தம் 2.67 ஓம். ரிசீவர் 20 வோல்ட் கொடுக்குதுன்னா, 8 ஓம் மட்டும் இருந்தப்போ 2.5 ஆம்பியர் போச்சு, 50 வாட். இப்போ 7.5 ஆம்பியர், 150 வாட். பெரும்பாலான வீட்டு ரிசீவர் பின்னாடி 6 ஓம் அல்லது 8 ஓமுக்குக் கீழே போகாதேன்னு எழுதியிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தா ப்ரொடெக்ட் லைட் எரிஞ்சு தானே ஆஃப் ஆகும். இல்லேன்னா அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, டிசி நேரா ஸ்பீக்கருக்குப் பாயும். வாய்ஸ் காயிலும் கூடவே கருகும்.

மூணு, இடது வலது ரெண்டு சேனலையும் ஒண்ணா முறுக்கி ஒரே சப்வூஃபருக்குக் கொடுப்பது. ரெண்டு ஆம்ப்பும் வேற வேற வோல்டேஜ் கொடுக்கற நேரத்துல ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள மின்னோட்டத்தைத் தள்ளும். இது கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, நடுவுல ஸ்பீக்கர் இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாது.

சரியான வழி ரெண்டு

சில பாஸிவ் சப்வூஃபர்ல எட்டு டெர்மினல் இருக்கும். ரெண்டு ஜோடி உள்ளே வர, ரெண்டு ஜோடி வெளியே போக. இது உங்ககிட்ட இருந்தா யோகம்தான். ரிசீவர்ல இருந்து வயர் சப்வூஃபருக்கு, அங்கிருந்து மத்த ஸ்பீக்கருக்கு. இதுவும் பேரலல்தானே, இது மட்டும் எப்படி தப்பிக்குது? உள்ளே க்ராஸ்ஓவர் இருக்கு. சப்வூஃபருக்கு முன்னாடி இண்டக்டர், ஸ்பீக்கருக்கு முன்னாடி கெபாசிட்டர். கீழ் அதிர்வெண்ல ஆம்ப் சப்வூஃபரை மட்டும் பார்க்கும், மேலே போனா ஸ்பீக்கரை மட்டும் பார்க்கும். ரெண்டும் 8 ஓம், பிரியற இடம் 100 ஹெர்ட்ஸ் எனில் இண்டக்டர் சுமார் 12.7 மில்லிஹென்றி, கெபாசிட்டர் சுமார் 200 மைக்ரோஃபாரட். இந்த மதிப்புல ஸ்பீக்கரை வெறும் மின்தடையா எடுத்துக்கிட்டு மொத்த இம்பீடன்ஸை நீங்களே போட்டுப் பாருங்க, எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம்தான் வரும். நிஜ ஸ்பீக்கர் அவ்வளவு சமர்த்து இல்ல, கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனா 2.67க்குப் போகாது.

ரெண்டே டெர்மினல் இருந்தா, சப்வூஃபருக்குன்னு தனி ஆம்ப் வாங்கறதுதான் வழி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல கிளாஸ்-டி மோனோ போர்டு கிடைக்கும். லோ-பாஸ் குமிழ் இருக்கறதா பார்த்து வாங்குங்க. உங்க சப்வூஃபரோட ஓமை அந்த போர்டு தாங்குமான்னும், அது கேட்கற வோல்டேஜுக்கு ஏத்த அடாப்டர் எதுன்னும் கடையிலேயே கேட்டுடுங்க.

சிக்னல் எங்க இருந்து எடுப்பது? சப் அவுட் இல்லேன்னா ப்ரீ அவுட் இருந்தா நல்லது. ரெக் அவுட் வேண்டாம். வால்யூம் குமிழைத் திருப்பினாலும் அதுல அளவு மாறாது, பாட்டைக் குறைச்சாலும் பேஸ் மட்டும் இடிச்சுக்கிட்டே இருக்கும். எதுவுமே இல்லாத பழைய ரிசீவர்னா, கார் ஆடியோ கடையில கிடைக்கற ஹை-லோ கன்வர்ட்டரை ஸ்பீக்கர் டெர்மினல்ல மாட்டுங்க. அது எடுக்கற மின்னோட்டம் மிகக் குறைவு, ரிசீவருக்கு பாரமே தெரியாது.

மாட்டும்போது

எல்லா பிளக்கையும் கழட்டிட்டு ஆரம்பிங்க. கிளாஸ்-டி போர்டு பலதுல ஸ்பீக்கரோட கறுப்பு டெர்மினல் கிரவுண்ட் இல்ல, அதுலயும் சிக்னல் வரும். அதை எந்த உலோகப் பெட்டியிலும் படவிடாதீங்க. லோ-பாஸை 100 ஹெர்ட்ஸ் பக்கம் வெச்சு, சப்வூஃபர் வால்யூமை பூஜ்யத்துல இருந்து மெதுவா ஏத்துங்க. நீங்க வழக்கமா உட்கார்ற இடத்துல உட்கார்ந்து கேளுங்க. அப்புறம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, சப்வூஃபரோட சிவப்பு கறுப்பு வயரை மாத்திப் போட்டு மறுபடி கேளுங்க. எதுல பேஸ் அதிகமா இருக்கோ அதுதான் சரியான ஃபேஸ், அப்படியே விட்டுடுங்க.

அரை மணி நேரம் பாட்டு ஓடின பிறகு ரிசீவர் மேல கை வெச்சுப் பாருங்க. சப்வூஃபர் மாட்டறதுக்கு முன்னாடி இருந்த அதே சூடுதான் இருக்கணும். கூடியிருந்தா உடனே நிறுத்திட்டு, வயர் போற பாதையை முதல்ல இருந்து ஒருமுறை சரிபாருங்க.