384 எங்கிருந்து வந்தது?

என் முதல் ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் திரும்பி வந்தபோது மதிப்பீட்டாளர் எழுதியிருந்தது ஒரே வரி: "384 எங்கிருந்து வந்தது?"

சமூக மருத்துவத் துறைக்காரர்களுக்கு அந்த எண் பழக்கம். ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியாதபோது, பாதிப் பேருக்கு என்று வைத்துக்கொண்டு, 5 சதவீதம் பிழைக்கு இடம்விட்டு, 95 சதவீத நம்பகத்தோடு கணக்கிட்டால், ஆய்வுக்கு 384 பேர் வேண்டும் என்று வரும். எத்தனையோ ஆய்வேடுகளில் பார்த்ததுதான், நானும் போட்டுவிட்டேன். ஆனால் என் கேள்வியே வேறு. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? இரண்டு குழுக்களை ஒப்பிட அந்தச் சூத்திரம் உதவாது.

புள்ளியியல் பேராசிரியையிடம் ஓடினேன். "ஹீமோகுளோபின் எவ்வளவு கூடினா நீங்க மாத்திரை முறையை மாத்துவீங்க டாக்டர்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிய இரண்டு மாதத்தில்தான் விண்ணப்பமே உருப்பட்டது. எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துக்காகப் புள்ளியியலாளர்களிடம் போகாதீர்கள். கேள்வி ஒரு தாளில் இருக்கும்போதே போங்கள்.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை நினைத்துக்கொள்வேன். நோயாளியைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதும் வீட்டிலேயே கொடுப்பதும் ஒன்றா? கேள்வி அவ்வளவுதான். உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நெறிமுறைக் குழு அனுமதி, சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு இரண்டும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது பட்ஜெட்டைப் பற்றி. கருவி விலையை எல்லோரும் சரியாகப் போடுவார்கள்; விட்டுப்போவது அதற்குப் பின்னால் வரும் செலவுகள்தான். நான் வாங்கிய ஹீமோகுளோபின் கருவிக்கு ரத்தத் துளியை எடுக்கும் க்யூவெட்டுகள் புட்டியில் வரும்; புட்டியைத் திறந்தால் மூன்று மாதம்தான் தாங்கும். ஆறு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தலா ஒரு புட்டி திறந்தாயிற்று. பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. களப்பணியாளரின் பஸ் செலவை எழுதவே இல்லை. முதல் மாதம் அதை என் பையிலிருந்துதான் கொடுத்தேன்.

இரண்டாம் ஆண்டு நிதித் தவணை, முதலாண்டுப் பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் வரும். வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டியைக்கூட அரசுக்குத் திருப்பிக் கட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். எங்கள் சான்றிதழ் வட்டித் தொகையில் பிசகித் திரும்பி வந்து, மறுபடி தணிக்கையாளர் கையெழுத்தாகிப் போவதற்குள் ஆகஸ்ட். மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருந்த களப்பணியாளர் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார். எந்த வீட்டுக்கு எந்தச் சந்து என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பிரசவத்துக்குத் தாய்வீடு போன 23 பெண்களை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இப்போதெல்லாம் மார்ச் கடைசி வாரமே கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கிருக்கும் கண்காணிப்பாளர் என்னைக் கண்டதும், "வட்டி டாக்டர் வந்தாச்சு" என்கிறார்.