ஊதுபத்திப் புகையில் ஓவியம்

நல்ல போட்டோ எடுக்க விலை உயர்ந்த கேமராவும் மலையும் அருவியும் வேணும்னு நினைக்கிறீங்களா? பூஜை அலமாரியில் இருக்கும் ஓர் ஊதுபத்தி போதும் நண்பர்களே! ஒரே விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: புகைக்கு மட்டும் வெளிச்சம், மற்ற எல்லாவற்றுக்கும் இருட்டு.

தேவையானவை: ஊதுபத்தி, கறுப்புத் துணி, டார்ச், இரண்டு அட்டைகள், ப்ரோ மோடு உள்ள மொபைல், அதை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட்.

ஒளி: துணியைச் சுவரில் தொங்க விடுங்க. அதிலிருந்து மூன்றடி தள்ளி ஊதுபத்தியை வையுங்க. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில், புகைக்குச் சற்றுப் பின்னால் இருந்து அடிங்க. புகைத்துகள்கள் ஒளியை அது போகும் திசையிலேயே அதிகம் சிதறடிக்கும். அதனால் புகை பளிச்சென்று தெரியும். முன்னால் இருந்து அடித்தால் புகை மங்கிவிடும், துணிதான் தெரியும். டார்ச் வெளிச்சம் துணியிலும் லென்ஸிலும் விழாமல் அட்டைகளால் மறைத்துவிடுங்க.

செட்டிங்ஸ்: ஷட்டர் வேகம் 1/200 நொடி. ஐஎஸ்ஓ 400-ல் தொடங்குங்க. படம் இருட்டாக வந்தால் 800, 1600 என்று ஏற்றுங்க. ஆட்டோ ஃபோகஸ் புகையில் தடுமாறும். புகை எழும் இடத்தில் ஒரு பேனாவைப் பிடித்து, அதில் ஃபோகஸ் செய்து லாக் பண்ணிட்டு, பேனாவை எடுத்துவிடுங்க.

இப்போ ஃபேனை நிறுத்திட்டுக் கவனிங்க. புகை முதலில் நூல் மாதிரி நேராக ஏறும். கொஞ்சம் மேலே போனதும் நெளியும், சுருளும், கடைசியில் கலைந்துவிடும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த லாமினார், டர்புலன்ட் ஞாபகம் வருதா? 1883-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் சாய இழையை ஓடவிட்டுக் காட்டியதும் இந்த மாற்றத்தைத்தான். நேர்க்கோட்டில் அழகு கம்மி. கலைந்த புகையில் உருவமே இருக்காது. இரண்டுக்கும் நடுவில், நெளிந்து சுருளும் இடத்தில்தான் நமக்கான படம். ஃப்ரேமை அங்கே வையுங்க.

அடுத்து விளையாட்டு! புகைக்கு மேலே ஒரு ஸ்பூனைக் குப்புறப் பிடிங்க. அதன் விளிம்பைச் சுற்றிப் புகை வழியும். இரண்டு ஊதுபத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எடுத்த படத்தை எடிட்டிங் ஆப்பில் இன்வெர்ட் செய்தால், வெள்ளைத் தாளில் மை கரைந்த மாதிரி வரும். அதற்குப் பிடித்த வண்ணம் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜன்னலைத் திறங்க. அறை முழுக்கப் புகை பரவினால் படமும் மங்கும், மூச்சும் திணறும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் இது வேண்டாம். சாம்பல் விழ ஒரு எவர்சில்வர் தட்டு வையுங்க. துணியும் பேப்பரும் நெருப்புக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். ஸ்மோக் டிடெக்டர் உள்ள ஹாஸ்டல் அறையில் முயற்சி செய்யாதீங்க!

நூறு படம் எடுத்தால் நாலைந்துதான் தேறும். ஆனா அந்த நாலைந்தும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. இந்த வார இறுதியில் முயன்று பாருங்களேன்!