திறவுகோலும் திரைகடலும்

மும்பையைக் கடல் மூன்று புறமும் சூழ்ந்திருக்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனப் பல பகுதிகளில் வாழும் நமக்கு ஜூஹூ கடற்கரையும் தாதர் சௌபாத்தியும் புதியன அல்ல. ஆயினும், நாம் அக்கடலைக் கரையில் நின்று காண்கிறோமேயன்றி அதன் அலைமேல் ஏறுவதில்லை. மழைக்காலத்தில் நான்கரை மீட்டருக்கும் மேலாக ஓதம் எழும் நாள்களில் கடலருகே செல்லாதீர் என்று மாநகராட்சி எச்சரிக்கும் நகரம் இது. அலைமேல் நின்று விளையாடுவோரைக் காண விரும்பினால், கோடை விடுமுறையில் தமிழ்நாட்டிற்குச் செல்லும்பொழுது சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள கோவளத்திற்குச் சென்று வாருங்கள்.

பலகையொன்றின்மீது குப்புறப் படுத்து, கைகளால் நீரைத் துழாவிச் சென்று, அலை எழும் நொடியில் தானும் எழுந்து நின்று, அதன் சரிவில் கரைநோக்கி வழுக்கி வருவதே அலைச்சறுக்கு. கட்டுமரத்தில் நின்றவாறே அலையைக் கடக்கும் மீனவர்க்கு இக்கலை எளிதில் கைவந்ததில் வியப்பில்லை. கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் தாமே இதனைக் கற்று, தம் ஊர் இளைஞர்களுக்கும் கற்பித்தார். இன்று அங்கே அலைச்சறுக்குப் பள்ளி நடைபெறுகிறது. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் பன்னாட்டுப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் நடைபெற்றன.

விடுமுறை நாளொன்றில் சென்னையிலிருந்து மகிழுந்தை ஓட்டிக்கொண்டு கோவளம் வருகிறவர், வண்டியைப் பூட்டிவிட்டுக் கடலில் இறங்குகிறார். பலகை அலையோடு போய்விடாதவாறு கணுக்காலில் ஒரு கயிறு அதனைப் பிணைத்திருக்கிறது. சாவியை அவர் எங்கே வைப்பார்? இது சிறிய வினாவாகத் தோன்றலாம். செம்பூரிலிருந்து சொந்த வண்டியிலேயே வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சாவி கடலில் விழுந்துவிட்டால் மாற்றுச் சாவி ஏறத்தாழ 1,300 கி.மீ. தொலைவில், வீட்டு அலமாரியில் இருக்கும். அலைபேசியும் பணமும் மாற்றுடையும் பூட்டிய வண்டிக்குள் இருக்கும். ஈர உடையோடு கரையில் நிற்பவர்க்கு இது சிறிய வினா அன்று.

நம் முன்னோர் சாவியை உடலோடு பிணைத்தனர். ஆடவர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டனர். மகளிர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டனர். குளத்தில் முழுகினாலும் சாவி உடன் வந்தது. திண்டுக்கல் பூட்டின் சாவி வெறும் இரும்பு; நனைந்தால் துடைத்துவிடலாம். (2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டுகளுள் மாங்காய் வடிவப் பூட்டும் ஒன்று. ஊருக்குச் சென்றால் கேட்டுப் பாருங்கள்.) இன்றும் அலைச்சறுக்கு வீரர் அணியும் காற்சட்டை பலவற்றின் உட்புறத்தில் ஒரு சிறு பையும், சாவியைக் கோக்கும் கயிற்று வளையமும் இருக்கின்றன. அரைஞாண் கயிற்றின் தம்பி என்றே அதனைச் சொல்லலாம்.

‘சாவி’ என்னும் சொல்லும் கடல் கடந்து வந்ததே. அது போர்த்துகீசிய மொழிச் சொல். அலமாரி, ஜன்னல், மேசை ஆகியனவும் அவ்வழி வந்தவை. மராத்தியில் வழங்கும் ‘சாவி’யும் அதே சொல்லே. போர்த்துகீசியர் 1534இல் மும்பைத் தீவுகளைப் பெற்று, 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையால் ஆங்கிலேய அரசர்க்குச் சீதனமாக அளித்தனர். ஆகவே வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசும் உங்களுக்கு இச்சொல் இரு வழியாகவும் உரியது. தமிழில் இதற்குத் திறவுகோல் என்னும் அழகிய பெயர் உண்டு.

மகிழுந்தின் இக்காலச் சாவியோ வெறும் இரும்பு அன்று. அதனுள் இருவேறு பணிகள் அடங்கியுள்ளன. கதவைத் திறப்பது ஒன்று; இயந்திரம் இயங்க இசைவளிப்பது மற்றொன்று. சாவியின் தலைப்பகுதியில் ஒரு நுண்சில்லு உள்ளது. அது தனக்குரிய எண்ணை வானொலி அலையாய் அனுப்ப, வண்டி அதனைச் சரிபார்த்த பின்னரே இயந்திரம் தொடர்ந்து இயங்கும். எண் பொருந்தாவிடில், அதே வடிவில் வெட்டிய சாவியாலும் வண்டியை ஓட்ட இயலாது. சாவியின் பொத்தான்களை இயக்குவது நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம்.

இந்த மின்சுற்றுக்குப் பகை உப்புநீர். பெருங்கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அது மின்சாரத்தை நன்கு கடத்தும். நீர் உட்புகுந்தால், செல்லக் கூடாத வழியிலெல்லாம் மின்னோட்டம் செல்கிறது. செப்புக் கம்பித் தடங்கள் அரிக்கப்படுகின்றன. கடற்காற்றில் நம் வீட்டு ஜன்னல் கம்பி துருவேற ஆண்டுகள் ஆகும். மின்கலம் உள்ள சாவியிலோ அவ்வேலை மிக விரைவாக நடந்துவிடும். நீர் புகாப் பைகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றுள் ‘ஐ.பி.எக்ஸ் 7’ என்னும் தரக்குறி, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கும். அச்சோதனை அசையாத நீரில் நிகழ்வது. அலை வந்து அறைவதை அது கணக்கில் கொள்வதில்லை.

எனில் சாவியைக் கரையிலேயே மறைத்து வைக்கலாமே? சக்கரத்தின் மேல், செருப்பினுள், மடித்த துண்டின் அடியில் எனப் பலரும் மறைக்கும் இடங்களைத் திருடரும் அறிவர். பொத்தானை அழுத்தாமலே கதவு திறக்கும் புதுவகைச் சாவியானால் இடர் இன்னும் மிகுதி. அச்சாவி ஏறத்தாழ ஒரு மீட்டர் அருகில் இருந்தாலே, கைப்பிடியைத் தொடுபவர்க்கு வண்டி கதவைத் திறந்துவிடும். சக்கரத்தின் மேல் அதனை வைத்தவர் வண்டியைப் பூட்டாமலே சென்றவர்க்கு ஒப்பாவார். திருடன் சாவியைத் தேடவும் வேண்டியதில்லை!

இதற்கு மைக்கேல் பாரடே என்னும் அறிவியலாளர் துணைக்கு வருகிறார். உலோகத்தால் முற்றிலும் சூழப்பட்ட இடத்தினுள் மின்புலம் நுழையாது என்பதை அவர் 1836இல் செய்து காட்டினார். இறுக மூடும் தகர டப்பாவும், பல மடிப்பாகச் சுற்றிய அலுமினியத் தாளும் வானொலி அலையைப் பெரிதும் தடுக்கும். புதுவகைச் சாவிகள் பலவற்றின் உள்ளே, இழுத்தால் வெளிவரும் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. அதனைத் தனியே எடுத்துக்கொண்டு, மின்சுற்றுள்ள பகுதியை டப்பாவிலிட்டு வண்டிக்குள் கண்ணில் படாத இடத்தில் வைத்து, இரும்புச் சாவியால் கதவைப் பூட்டலாம். இரும்பு மட்டும் உடலோடு பிணைந்து கடலுக்குள் செல்லும். முன்னோர் வழக்கம் இங்கே மீண்டும் பயன்படுகிறது. திறப்பது உடலோடும் ஓட்டுவது வண்டியோடுமாகப் பிரிந்துவிடுகின்றன. சில வண்டிகளில் இரும்புச் சாவியால் திறந்தால் எச்சரிக்கை ஒலி எழும். ஆகையால் வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பார்ப்பது நன்று. டப்பாவில் இடுவதையும் கடற்கரையை அடையுமுன்பே முடித்துவிட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் யாரேனும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மின்சுற்றுள்ள சாவி கடல்நீரில் நனைந்துவிட்டால் பொத்தானை அழுத்திப் பார்க்கவே கூடாது. உடனே மின்கலத்தை நீக்கி, உட்பகுதியைத் தூய நன்னீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். மேலும் நீரில் நனைப்பதா என்று தயங்காதீர்கள். உப்பு தங்கிவிட்டால் அது காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். சாவியை அரிசியில் புதைத்து வைத்தாலும் உப்பு வெளியேறாது.

இவை யாவும் தனியே செல்வோர்க்கே. குடும்பத்தோடு செல்வோர்க்கு இவற்றினும் எளிய வழியொன்று உண்டு. கரையில் குடைநிழலில் அமர்ந்து, முந்தானையில் சாவியை முடிந்துகொண்டு, அனைவரையும் எண்ணிக்கொண்டிருக்கும் பாட்டியினும் சிறந்த பூட்டைத் திண்டுக்கல்லும் செய்ததில்லை.

சொற்பொருள்

திரை – அலை. ஓதம் – கடல்நீர் ஏற்றம். அரைஞாண் – இடுப்பில் கட்டும் கயிறு. இசைவு – ஒப்புதல். முந்தானை – சேலையின் தலைப்பு.

பயிற்சி

1. மகிழுந்துச் சாவி செய்யும் இரு பணிகள் யாவை?

2. கடல்நீரில் நனைந்த சாவியை நன்னீரில் அலசுவது ஏன்?

3. திரை, கடல், அலை ஆகிய சொற்களை அமைத்துத் தனித்தனித் தொடர் எழுதுக.

4. பள்ளியிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்பொழுது பெற்றோர் பணிக்குச் சென்றிருந்தால், உங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்? அவரிடம் அதனை ஒப்படைப்பது ஏன் என வீட்டில் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.