அண்ணன் மகனும் மகளின் விருப்பமும்

அன்புள்ள அக்கரப்பத்தனை அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள், உங்கள் அண்ணன் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அண்ணன் வீட்டு உறவு அற்றுப்போகுமே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள்.

அந்தப் பயம் சின்ன விஷயமில்லை. தமிழ் உறவுமுறையை ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி டூமோன் 1953இல் எழுதியதும் இதைத்தான்: இரத்த உறவு இறங்கி வருவதுபோலவே நம்மிடம் கல்யாணச் சம்பந்த உறவும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. உங்கள் மகள் பிறந்த அன்றே அண்ணன் அவளுக்கு மாமனார் முறை.

ஆனால் மலையகத்தில் இந்த முறை எப்போது நினைத்தபடி நடந்தது? தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு சொந்தத்தில் பாதி இங்கே வந்தது, பாதி இந்தியாவில் ஊரிலேயே நின்றுவிட்டது. பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டன. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. எத்தனை முறைப்பையன்கள் தலைமன்னாரில் கப்பலேறிப் போனார்கள்! அவர்களுக்கென்று வைத்திருந்த பெண்கள் வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டார்கள். அதற்காக உறவு அறுந்துவிட்டதா? கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கடிதம் வந்துகொண்டுதானே இருந்தது. அந்த அரசாங்கங்கள் முறையை உடைத்தபோது பொறுத்துக்கொண்டோம். ஒரு பெண் வாய்திறந்து வேண்டாம் என்றால் மட்டும் ஏன் பொறுக்க முடியவில்லை?

லயத்துக் காம்பராவில் கல்யாண வாழ்க்கை எப்படி ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, குறுக்கே ஒரு பழைய சேலை, அந்தப் பக்கம் மாமியார், மாமனார், கொழுந்தன்மார். பிடித்தவனோடு இருப்பதற்கே அங்கே கூச்சமும் பயமும். பிடிக்காதவனோடு படு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, அக்கா. சொந்தம் என்பதால் அது கொடுமை இல்லாமல் போய்விடாது.

நெற்றியில் கயிறு மாட்டிக் கூடை நிறையத் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் உங்கள் அம்மா. சம்பள நாளில் ஆபீஸில் கைநீட்டி அவள் காசை வாங்கியவர் அப்பா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. உங்கள் மகள் தன் சம்பளத்தைத் தன் கையால் வாங்குகிறாள். அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறாள், பேசட்டும்.

அடுத்தவர் வாய்வழியாகப் போகுமுன் நீங்களே அண்ணனிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் யாரைக் கட்டினாலும் தாய்மாமன் சீர் நீதான் செய்ய வேண்டும் என்று அப்போதே கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி